விரலைத் தள்ளும் காற்று

நான் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். அப்பா உறங்கும்போதெல்லாம் அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது அந்த மாதம் முழுவதும் என் வழக்கமாகியிருந்தது. இழைபோல் ஒரு காற்று பட்டால் போதும். இலக்கணப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவேன்.

ஒரு நண்பகலில் அவருக்கு மூச்சு முற்றிலும் திணறியது. சென்னை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல எங்கள் பழைய கார்தான் இருந்தது. முந்தின நாள் அதன் டிஸ்ட்ரிபியூட்டரை, நேரம் பார்த்துத் தீப்பொறி அனுப்பும் கருவியை, சுத்தம் செய்யக் கழற்றிவைத்திருந்த புதுவாயல் மெக்கானிக் ஓடிவந்தார். அப்பாவைப் பின்னிருக்கையில் சாய்த்தோம்.

"யம்மா, என் கட்டவெரலு வெந்து மரத்துப் பூட்சி. மொத பிளக்கக் கழட்டிட்டேன், அந்த ஓட்டையில நீ வெரல வையி, நான் ஹேண்டில சுத்துறேன். காத்து வந்தா சொல்லு."

"வந்தா எப்பிடித் தெரியும்?"

"தெரியும். படிச்ச புள்ள, ரொம்ப யோசிச்சினு நிக்காத."

பிஸ்டன் இருமுறை மேலே வரும். இருமுறையும் எஞ்சினின் முன்னால் சுழலும் புல்லியின் கோடு ஒரே இடத்தில் நிற்கும். ஒருமுறைதான் காற்று உள்ளே இறுகும்; தீப்பொறி அப்போது விழவேண்டும். எது அந்த முறை என்பதை விரல்தான் சொல்லவேண்டும்.

குளிர்ந்த இரும்பிலிருந்து மெல்லிய காற்று கசிந்தது. அப்பாவின் மூச்சேதான் அது. "வந்துடுச்சு" என்றேன்.

டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக்கையும் பூட்டி ஹேண்டிலைச் சுழற்றினார். கார்புரேட்டர் வழியே புகையோடு வெடித்து எஞ்சின் நின்றது.

"இன்னாம்மா, பொய்க்காத்தப் புடிச்சிக் குடுத்துட்டியே! அது பொகை வெளிய போற காத்து. நெசக்காத்து வெரலத் தூக்கி எறியும்."

பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு மாதமாக நான் நம்பியிருந்தது எந்தக் காற்றை?

மறுமுறை விரலை அழுத்தி வைத்தேன். ஓட்டை முதலில் தோலை உள்ளே இழுத்தது. பிறகு, உள்ளே யாரோ இருந்து தள்ளுவதுபோல், சீறிக்கொண்டு விரலை எழுப்பியது. நான் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தே அவர் நிறுத்திவிட்டார்.

மீண்டும் பூட்டிச் சுழற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டியை அவரே ஓட்டினார். எஞ்சின் அதிர்ந்தது, அப்பாவின் மார்பும் அதிர்ந்தது. அது தானாக அசைகிறதா, கார் அசைக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை ஒரு கணம் நிறுத்தச் சொல்லலாம், மீண்டும் கிளம்பாவிட்டால்? எண்ணெய்க் கறை படிந்த அதே விரலை அப்பாவின் மூக்கருகே வைத்தேன். நம்பும்படி எதுவும் படவில்லை. சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது. நான் விரலை எடுக்கவில்லை.

கடைசிப் பெட்டி போனபின் அவர் கை எழுந்து என் விரலைத் தட்டிவிட்டது.

"எண்ணெ நாத்தம்," என்றார் அப்பா. "எடு."