வடக்கு இல்லாத வரைபடம்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி வாசிப்பில் நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது எனக்குக் கொஞ்சம் மரியாதை. அதுவும் சாதாரண முட்டாள் இல்லை, புவியியல் பாடம் நடத்துகிற முட்டாள்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நடந்தது. தெரணியகலைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி றப்பருமாக இருந்த ஒரு தோட்டத்துப் பாடசாலைக்கு நான் மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள். எங்கள் தோட்டத்து மருத்துவிச்சி விடுப்பில் இருந்ததால் வேறு தோட்டத்து மருத்துவிச்சி வந்திருந்தார்; தோட்டத்தில் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வுபெற இரண்டு வருடம், இரண்டு முழங்காலிலும் வலி. தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிசன் பிள்ளைகளுக்கு மருந்து கொண்டுபோக வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியைத் தூக்கத் துணைக்கு ஆள் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

தோட்டத்து ஆபீஸில் இருந்த கிளாக்கர், வழி காட்ட ஓர் ஆளை அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம், என்னிடம் மேப் இருக்கிறது என்றேன். கொழும்பில் வாங்கிய மேப் அது. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல், ஏழெட்டு நிறம், கசங்காமலிருக்க பிளாஸ்டிக் உறை வேறு. அதை மேசையில் விரித்ததும் கிளாக்கர் சுவரிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத்தைக் கழற்றித் தந்தார். யாரோ பேனாவால் வரைந்தது. தோட்டத்தைத் துண்டு துண்டாகக் கோடு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் ஓர் எண் எழுதியிருந்தது.

"இதுல மலை நம்பர் எல்லாம் இருக்கு சார். இத கொண்டு போங்க" என்றார்.

தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டும் தோட்டத்தில் ஒரு 'மலை' என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அதில் அளவுகோல் இல்லை. இதில் வடக்கு எந்தப் பக்கம் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"எங்களுக்கு வடக்கு தேவப்பட்டதே இல்லைங்க சார்."

இதைப் பல நாள் சொல்லிச் சிரிக்கலாம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, காகிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

என் மேப்பில் முழுத் தோட்டமும் ஒரு தீப்பெட்டி அளவுதான். அந்தத் தீப்பெட்டிக்குள் ஒரு புள்ளிக்கோடு நேராக மேலே ஏறியது. வண்டிப் பாதையில் போனால் இரண்டு மணித்தியாலம், இதில் போனால் முக்கால் மணிதான் என்று மிஸ்ஸுக்குக் கணக்குச் சொன்னேன். அவர் என்னை நம்பினார். அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

புள்ளிக்கோடு முதல் கால் மணி நேரம் நன்றாக நடந்துகொண்டது. பிறகு கைவிட்ட றப்பர் காட்டுக்குள் போய்ப் புதரானது. மழை பிடித்தது. காலெல்லாம் அட்டை. மிஸ் குடையை ஊன்றி ஊன்றி ஏறினார், நான் பெட்டியைத் தோள் மாற்றி மாற்றி ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓடைச் சத்தம் கேட்டது. மேப்பில் இருக்கிறது, இந்த ஓடைதான் என்று உற்சாகமாகக் காட்டினேன். ஓடை இருந்தது. அதைக் கடக்க ஒரு காலத்தில் போட்டிருந்த மரப்பாலம்தான் இல்லை. அதைத் தாங்கிய கற்கள் மட்டும் கரைக்கு ஒன்றாக நின்றன. நடுவில் செம்மண் தண்ணீர் இடுப்பளவுக்கு ஓடியது.

மிஸ் ஒரு வேரில் சாய்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த மேப்புல உக்கார எடம் ஏதும் போட்டிருக்கா?"

வந்த வழியே இறங்கினோம். ஏறியதைவிட இறங்குவது அவருக்குக் கஷ்டம். நான் மேப்பை மடித்து உறைக்குள் போட்டேன். அது எனக்கு அபூர்வம்.

கீழே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் அகப்பட்டார். மேல் டிவிசனுக்கு எப்படிப் போவது என்றோம். ஒன்பதாம் நம்பர் மலை முடிகிற இடத்தில் திரும்பி, பதினாலைச் சுற்றி, ஆறாம் நம்பர் வழியாக ஏறினால் லயத்து வீட்டு வரிசை தெரியும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விறகோடு போய்விட்டார். நான் மேப்பை விரித்து ஒன்பதாம் நம்பரைத் தேடினேன். அதில் எல்லா உயரமும் இருந்தது, சரிவு இருந்தது, பக்கத்து ஊர் விகாரை கூட இருந்தது. ஒன்பது இல்லை. அந்த ஒன்பது ஆபீஸ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

கண்டவரையெல்லாம் கேட்டுக் கேட்டு மேலே போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், காலையிலிருந்து தாய்மார் காத்திருந்தார்கள். பிள்ளைகள் அழுது ஓய்ந்து தூங்கியிருந்தன. ஒருத்தி தன் பையனின் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, எங்களுக்காக அவனை எழுப்பினாள்.

மிஸ் பெட்டியைத் திறந்தார். ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அதில் விரலை வைத்தார். மூடினார்.

"இது குடுக்க ஏலாது. நாளைக்கு வேற கொண்டு வாறோம்" என்று தாய்மாரிடம் சொன்னார். என் பெயரை இழுக்கவே இல்லை. யாரும் சண்டை போடவில்லை. முகம் கழுவிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் போனார்கள். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது வகுப்பில் மேப் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும்போது அளவுகோல், திசை எல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறேன். நடக்கப் போகிற இடத்தில் வழி சொல்கிறவர்கள் வாயில் எந்தப் பெயர் வருமோ, அந்தப் பெயர் எழுதியிருக்கிற மேப்பைத்தான் கையில் எடுக்க வேண்டும். எவ்வளவு களைத்துப்போய் இதைப் படித்தேன் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

மறுநாள் பாடசாலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் தெரணியகலை சுகாதார ஆபீஸுக்குப் போய் ஐஸ் போட்ட புது மருந்துப் பெட்டி வாங்கி வந்தேன். கிளாக்கர் கேட்காமலே மஞ்சள் காகிதத்தை நீட்டினார், சிரிக்கவும் இல்லை. மிஸ் காலில் துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தார். ஒன்பது, பதினாலு, ஆறு. பதினொரு மணிக்கெல்லாம் மேலே இருந்தோம். தாய்மார் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்வரை இந்த முறை நாங்கள் காத்திருந்தோம். ஐஸ் கட்டி கட்டியாகவே இருந்தது.

முதல் ஆளாக வந்தவள், முந்தின நாள் பையனின் முகத்தைத் துடைத்தவள். கூடையைக்கூட இறக்கவில்லை. இரவெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பைத் தொடங்கினேன். நேற்று நடந்ததற்கு முழுக்க நான்தான் காரணம், மிஸ் மேல் ஒரு பிழையும் இல்லை, கிளாக்கர் நல்ல மேப்பைத்தான் தந்தார், நான்தான் என்று நீட்டிக்கொண்டே போனேன்.

அவள் மகனை என் பக்கம் திருப்பினாள்.

"புள்ள தலைய புடிங்க சார், ஆட்டுறான்."