செவ்வாய், வெள்ளி, பத்து நாற்பது

டைப்பம்மா பொய் சொல்ல மாட்டாள். கேட்காததைச் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்பது அவள் கட்சி. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்தக் கட்சி ஒரு தேர்தலிலும் தோற்றதில்லை.

கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில். தெருவில் அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். மண்புழுவின் ஜீரணம், பாலங்களில் விழும் விரிசல், வௌவாலின் காது என்று யாருக்கும் அவசரமாகத் தேவைப்படாத விஷயங்களில் அவளுக்கு அரைகுறை ஞானம் உண்டு.

அவள் கணவர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பதிவேட்டைப் பார்த்து, விசில் ஊதி அனுப்பி வைப்பது அவர் வேலை. விசிலை மட்டும்தான் அங்கே விட்டுவிட்டு வருவார். மற்றதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். குளியலுக்கு ஒன்பது நிமிஷம், சாப்பாட்டுக்குப் பதினாலு. கல்யாணமான புதிதில் டைப்பம்மா ஒருநாள் அழுது பார்த்தாள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அவர் அக்கறையாகக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மனிதர் கெட்டவர் இல்லை. நேரம் என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அவருடைய அண்ணன் பல்செட் செய்கிறவர். மாலையில் மேடையேறிப் பேச வேண்டிய ஒரு பெரிய மனிதரின் பல்செட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு, ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தார். பஸ்ஸுக்கும் அவருக்கும் பத்தடி தூரம். டப்பாவை ஆட்டி ஆட்டிக் காட்டினார். தம்பி அவரைப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது. பெரிய மனிதர் பல் இல்லாமலே முக்கால் மணி நேரம் பேசினார். கூட்டம் கைதட்டியதாம். என்ன பேசினார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"கூடப் பொறந்தவன் ஓடி வர்றேன், ஒரு நிமிஷம் நிறுத்தக் கூடாதாடா?" என்று அன்றிரவு வீட்டுக்கே வந்து கேட்டார் அண்ணன்.

தம்பி பேசாமல் இருந்திருக்கலாம். "பொறந்ததைத் தவிர வேற எதுக்கும் நீங்க முன்னாடி வந்ததில்லையே," என்றார்.

அதோடு பேச்சு நின்றது. இனி இந்த வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று அண்ணன் போய்விட்டார். பதினாலு மாதம் ஆகிறது.

ஆனால் வாசற்படியை மிதிக்காமல் அவரால் இரண்டு மாதம்தான் இருக்க முடிந்தது. பக்கத்துத் தெருப் பல் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் சாமான் கொடுக்க வருவார். கொடுக்கப் போகிற வழியில், தம்பி வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மாடியேறி வந்தார். ஒரு டீ. "அவன் மாத்திரை போடறானா? இன்னும் அந்த முழங்கால் வலி இருக்கா?" என்று இரண்டு கேள்வி. பிறகு போனை எடுத்து, கீழே விழுகிற பூனைகளின் வீடியோவைப் போட்டுக் காட்டுவார். நாற்பது நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். போகும்போது, "நான் வந்ததை அவன்கிட்ட சொல்லிடாதம்மா," என்பார்.

"அவரு கேக்க மாட்டாரு, மாமா," என்பாள் டைப்பம்மா.

அண்ணனுக்கு மனைவி போய் ஆறு வருடம். மகன் வேறு ஊரில். வாரத்தில் அந்த இரண்டு டீதான் அவருக்கு வீடு. விஷயம் வெளியே வந்தால் தம்பி முறைப்பார், அண்ணன் ரோஷப்பட்டு வராமல் இருந்துவிடுவார். அந்த மெல்லிய நூலும் அறுந்துவிடும். டைப்பம்மா பயந்தது இதற்குத்தான். தனக்குக் கிடைக்கப் போகும் திட்டு அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கள்ளத்தனத்தில் மண் விழுந்தது மண்புழுவால்தான். டைப்பம்மாவின் லேப்டாப் ஒருநாள் படுத்துவிட்டது. நூற்றெண்பது பக்க மண்புழுவும் அதோடு போனது. அந்த மாணவி அழுத அழுகையைப் பார்த்த டைம்கீப்பர், இனி இப்படி நடக்கவே கூடாது என்று முடிவு செய்தார். புது லேப்டாப் வாங்கினார். கூடத்தில் இருக்கும் தன்னுடைய பெரிய கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, உள்ளறை லேப்டாப்பில் மனைவி அடித்து வைத்ததெல்லாம், அவள் சும்மா இருக்கும்போதும், நிமிஷத்துக்கு ஒரு தடவை வைஃபை வழியாக அங்கே போய்ச் சேரும்படி செய்தார். போனதா, போகவில்லையா என்று ஒரு பட்டியலும் தானாகவே விழும். சாயங்காலம் வந்ததும் கைகால் கழுவிவிட்டு, பதிவேட்டைப் பார்ப்பது போல அதை உட்கார்ந்து பார்ப்பார்.

இரண்டாவது வாரம் கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது. "இங்க பாரு. செவ்வாய்க்கிழமை பத்து நாப்பதுலேர்ந்து பதினொன்னு இருபது வரைக்கும் ஒண்ணுமே போகலை. வெள்ளிக்கிழமையும் அதே நேரம். போன வாரமும் அப்படித்தான். அந்த நேரத்துல வீட்ல என்ன நடக்குது?"

டைப்பம்மாவின் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது. கேள்வி கேட்டுவிட்டார்.

"பத்து நாப்பதுக்கா? டீ போடுவேன்," என்றாள். பொய் இல்லை.

டீக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று டைம்கீப்பர் மோவாயைத் தடவினார். அண்ணன் உள்ளே வந்தால் கணினி ஏன் படுத்துக்கொள்கிறது என்று டைப்பம்மா அதைவிட அதிகமாகக் குழம்பினாள். டப்பாவில் இருக்கும் பல்செட்டில் ஏதாவது இரும்பு இருக்குமோ? அடுத்த முறை, "மாமா, டப்பாவை மட்டும் மாடிப்படியிலேயே வச்சிட்டு வாங்களேன்," என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கும் ஃபைல் கூடத்துக்குப் போகவில்லை. அதற்கடுத்த முறை அவரை அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். அப்போதும் போகவில்லை. பாவம், வயசில் பெரியவரைப் பாத்திரம் போல இடம் மாற்றி மாற்றி வைத்ததுதான் மிச்சம்.

பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது. செவ்வாய், வெள்ளி என்று ஒழுங்காக இருப்பதுதானே ஆபத்து? ஒழுங்கைக் கெடுத்துவிட்டால்? புதன்கிழமை மூன்றேகாலுக்குப் போய் வைஃபை பெட்டியின் வயரை உருவி, பதினேழு நிமிஷம் கழித்துச் சொருகினாள். வியாழன் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. ஞாயிறு அவர் குளிக்கப் போனதும் ஒரு தடவை. சரியாக ஒன்பது நிமிஷம்.

டைம்கீப்பர் துரும்பாய் இளைக்கத் தொடங்கினார். கண்ட நேரத்தில் கண்டபடி வந்து போகிற பஸ்ஸை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. இரண்டு கணினிகளையும் அணைத்து, முதலில் பெட்டி, பிறகு கூடம், பிறகு உள்ளறை என்று வரிசையாக எழுப்பினார். கணினியின் ஃபயர்வால் என்கிற பாதுகாப்புச் சுவரைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். ஃபோல்டரின் அனுமதியைத் தோண்டினார்.

"‘எல்லாரும் வரலாம்’னு போட்டு வச்சிருக்கேன். அப்புறமும் உள்ள விட மாட்டேங்குதே," என்று புலம்பினார். டைப்பம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்சி மேல் சந்தேகம் வந்தது. அவளை அடுப்படியில் நிறுத்தி, அவர் கூடத்தில் கையைத் தூக்கும்போதெல்லாம் காலி மிக்சியை ஓடவிடச் சொன்னார்.

"போகுதாங்க?"

"போகுது. இன்னும் வேகமா வை."

"இப்போ?"

"இப்பவும் போகுது. சே."

கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, என்ன அரைக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் அரைக்கவில்லை என்று டைம்கீப்பர் உண்மையைச் சொன்னார். கீழ்வீட்டுக்காரர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஏழாவது வாரம், வியாழன் ராத்திரி சாப்பிடும்போது டைம்கீப்பர் குண்டைத் தூக்கிப் போட்டார். "நாளைக்கு லீவு போட்டுட்டேன். மத்ததெல்லாம் குப்பை. செவ்வாய் வெள்ளிதான் அசல். கிட்ட உக்காந்து பாத்துடறேன்."

இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் காய்ச்சலுக்குக்கூட லீவு போட்டதில்லை.

வெள்ளி காலை டைப்பம்மா குளியலறைக்குள் நின்றுகொண்டு அண்ணனுக்கு ஆறு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. பல்லை ராவுகிற மெஷின் சத்தத்தில் போன் அடிப்பது எங்கே கேட்கப் போகிறது? வயரை உருவலாம் என்றால், டைம்கீப்பர் பெட்டியின் பக்கத்திலேயே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவருடைய ஷூ இரண்டையும் எடுத்துப்போய் வெளிவாசலுக்கு நட்டநடுவில் வைத்தாள். பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பத்து முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

ஒன்றும் ஆகவில்லை. லேப்டாப்பிலிருந்து வௌவால் ஆய்வேடு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜம்மென்று வந்து சேர்ந்தது. நாற்பத்தைந்து. ஐம்பது. ஷூவைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார் என்று டைப்பம்மாவுக்கு உயிர் வந்தது. டைம்கீப்பரின் முகமோ தொங்கிப் போயிற்று.

"தானாவே சரியாயிடுச்சு போல," என்றார், சரியானதில் கொஞ்சமும் சந்தோஷமில்லாமல்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு நின்றது.

திரையில் ஒரு செய்தி வந்தது. இந்தக் கணினியின் எண்ணையே இன்னொரு கருவியும் வைத்திருக்கிறதாம். டைம்கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் வைஃபை பெட்டி ஓர் எண் கொடுக்கும். கொடுத்ததை ஞாபகமும் வைத்திருக்கும். ஆனால் ஷேர் போட்ட அன்றைக்கு டைம்கீப்பர் பெட்டியைக் கேட்கவில்லை. பஸ் என்றால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று, கூடத்துக் கணினிக்குப் பதினேழு என்று தன் கையாலேயே எழுதிவிட்டார். அந்தப் பதினேழை வேறு யாருக்கோ பெட்டி முன்பே கொடுத்திருக்கிறது. யாருக்கு என்று பட்டியலைத் திறந்தார்.

பதினேழுக்கு நேராக ‘அண்ணன்’ என்று இருந்தது.

அந்தப் பெயரை அடித்ததே அவர்தான். அண்ணன் புதுப் போன் வாங்கி வந்த அன்று, இதே நாற்காலியில் உட்கார்ந்து வைஃபை போட்டுக் கொடுத்தார். அந்தப் போன் பக்கத்தில் வந்தாலே பதினேழு அதற்குப் போய்விடும், கணினி நின்றுவிடும். பெட்டிக்குச் சண்டை விவரம் தெரியாது.

வாசல் மணி அடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஷூவைப் பார்த்தபடி ஒருவர் நிற்கிறார் என்பது டைப்பம்மாவுக்குத் தெரிந்தது. பால் பாத்திரத்தோடு அவள் அப்படியே நின்றாள்.

"எத்தனை நாளா?" என்றார் டைம்கீப்பர், திரையைவிட்டுத் திரும்பாமல்.

"ஒரு வருஷமா. பாவம், தனியா இருக்காருங்க. உங்க முழங்கால் எப்படி இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. என்னைத் திட்டணும்னா திட்டிக்கோங்க. அவரை வர வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் ஏழு வாரப் பட்டியலை எடுத்து, செவ்வாய் வெள்ளிகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"பத்து நாப்பது. பத்து நாப்பது. இது முப்பத்தொன்பது. மறுபடியும் நாப்பது." விரல் நின்றது. "பதிமூணு தடவை. ஒரு நிமிஷம் பிந்தலை. இது எங்க அண்ணனா?"

"அவரேதாங்க."

டைம்கீப்பர் பட்டியலை மூடினார். பிறகு விசைப்பலகையை இழுத்துக் கூடத்துக் கணினியின் எண்ணை அழித்தார். "பதினேழு அவரோடதாவே இருக்கட்டும்," என்று எழுபத்தொன்று போட்டார். எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

அண்ணன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கால் கீழ்ப்படியிலும் ஒரு கால் மேல்படியிலுமாக, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பதினாலு மாதத்தில் இவ்வளவு நரைக்குமா என்று கேட்கத்தான் டைம்கீப்பர் வாயெடுத்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பன்னெண்டு நிமிஷம் லேட்டுண்ணே."

"நானாடா லேட்டு?" என்று அண்ணனுக்குச் சுள்ளென்று வந்தது. "ரெண்டாவது ஸ்டாப்ல ஏறி, வாரா வாரம் நீ விசில் ஊதி அனுப்பற பஸ்லதான் வர்றேன். எப்பவாவது பிந்தியிருக்கேனா? இன்னிக்கு நீ போகலை. டிரைவரும் கண்டக்டரும் ஆடி அசைஞ்சு எடுத்துட்டு வர்றானுங்க. நான் என்ன பண்றது?"

டைம்கீப்பர் கதவைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"அது என் பஸ்ஸாண்ணே?"

"உன் பஸ்தான்டா. வழியை விடு," என்று சொல்லிக்கொண்டே அண்ணன் உள்ளே வந்தார்.