கயிற்றில் ஓம் சொல்லக் கூடாது

பனியாற்றின் மேல் நான் முதல் தடவை நடந்தபோது எனக்கு முன்னாலும் கயிறு, பின்னாலும் கயிறு. குடும்பத்தோடு மேற்குக் கனடாவின் ரொக்கி மலைகளைப் பார்க்கப் போயிருந்தோம். மகனுக்காகப் பதிந்த ஒருநாள் மலைநடை அது. அவன் காலையில் எழும்பமாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். ஏற்கெனவே பதிந்தது வீணாகக் கூடாதென்று கணவர் என்னை அனுப்பிவைத்தார். வழிகாட்டி என்னை வரிசையின் நடுவில் கட்டினார். பொதி மாதிரிப் போய்ப் பொதி மாதிரித் திரும்பினேன். ஆனால் அன்று மாலை, கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் அப்படியே இருந்தேன்.

ரொறன்ரோவுக்கு வந்து படங்களைக் காட்டினேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

அந்தக் கேள்வி மனதில் முள்ளாகக் கிடந்தது. பிறகு இரண்டு கோடைகளில் திரும்பப் போய் வழிகாட்டிகளிடம் முறையாகப் பழகினேன். முடிச்சுகள், பனிக்கோடரி பிடிக்கும் விதம், வெடிப்பில் விழுந்தவரைக் கப்பி போட்டு இழுக்கும் விதம் எல்லாம். பனியாறு என்பது ஓடுகிற ஆறு அல்ல, மலைச்சரிவில் இறுகிக் கிடக்கும் ஐஸ். அதில் ஆளை விழுங்கும் வெடிப்புகள் உண்டு. மேலே புதுப் பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் உள்ளே போனால், மற்றவர்கள் அந்தக் கணமே பனியில் விழுந்து கோடரியைக் குத்தி அவரை நிறுத்த வேண்டும்.

எனக்கு ஒருமுறை வழிகாட்டி இல்லாமல் போக வேண்டும். அதற்குக் குறைந்தது இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

நான் பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுத் தூக்குகிறவள். தோளில் பலம் உண்டு. வாயில் இல்லை. கடைக்காரர் பொருளை மாறித் தந்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் சிரித்தார்.

"பிரீசருக்குள்ள கை விடவே கூதல் எண்டுவாய். நீ ஐஸ் மலைக்குப் போகப் போறியோ?"

சனிக்கிழமைகளில் நான் போகும் சுவரேறும் மண்டபத்தில், துணை தேவை என்று ஒரு சிறிய மட்டையில் எழுதி ஒட்டினேன். சிலர் போன் எடுத்தார்கள். வேகமாக நடப்பீர்களா என்றார் ஒருவர். ஓம் என்றேன். கூடாரத்தில் படுத்துப் பழக்கமா என்றார் இன்னொருவர். அதற்கும் ஓம். அடுத்த கிழமையே வெளிக்கிடுவோம் என்றவருக்கும் ஓம் சொல்லிவிட்டு, பயத்தில் பிறகு அவருடைய அழைப்பை எடுக்கவில்லை.

ஒருநாள் மண்டபத்தில், சுவரின் உச்சியிலிருந்து தமிழ் கேட்டது.

"கயித்த இறுக்கு மகள்! கால் நடுங்குது!"

கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "அங்கிள், இப்பத்தானே ஸ்ராட் பண்ணினீங்க!"

மேலே தொங்கியவர் பிறம்ரனிலிருந்து வருகிற லொறி ஓட்டுநர், மட்டக்களப்புக்காரர். மேற்குக் கரைவரை சாமான் ஏற்றிப் போகிறவர். வருடக்கணக்காக லொறிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்த மலைகளில் ஒருநாளாவது கால் வைக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. கீழே நின்றவள் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் தாதி, இங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகக் காலத்தில் நண்பர்களோடு வழிகாட்டி இல்லாமலே பனியாறு கடந்தவள். அந்த நண்பர்கள் இப்போது வேறு வேறு ஊர்களில். இருவரும் மூன்றாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கீழே இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, நம்மட ஆக்களா?"

அன்றும் ஓம் என்றேன். அந்த ஒன்று சரியான ஓம்.

பயிற்சி தொடங்கியது. தொடர்மாடியில் ஒவ்வொரு பின்னேரமும் முதுகுப் பையில் அரிசி மூட்டையை வைத்துப் படியேறினேன். ஒருநாள் மூன்றாம் மாடியில் இருக்கும் அங்கிள் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன பிள்ளை, லிப்ற் வேலை செய்யேல்லையோ? தாரும், தாரும், நான் கொண்டுவாறன்."

பயிற்சிக்குத்தான் சுமக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பையைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை லிப்ற்றில் ஏற்றி, என்னையும் ஏற்றி, என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார். மற்றவர்களிடம் இதைச் சொன்னபோது லொறிக்கார அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாதிப் பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். ஏனென்று அப்போது விளங்கவில்லை.

பனி கொட்டும் மாரி நடுவில் ஸ்ரௌவ்வில் பூங்காவில் இருக்கும், பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேட்டுக்குப் போனோம். அண்ணை பிளாஸ்ரிக் சறுக்குப் பலகையில் இருந்துகொண்டு மேட்டின் மறுபக்கம் பாய வேண்டும். அதுதான் வெடிப்பில் விழுவது. கயிற்றின் இந்த முனையில் நான் விழுந்து கோடரியைக் குத்தி அவரை நிறுத்த வேண்டும்.

"அன்ரி, ரெடியா?" என்றாள் அவள்.

கோடரி இன்னும் என் பையிலேயே கட்டியிருந்தது. ஒரு கையில் கையுறை இல்லை. குளிரில் அண்ணை பலகையில் காத்திருந்தார். பெரிய மனிசரைக் காக்க வைப்பது சரியில்லை என்று தோன்றியது.

"ஓம்," என்றேன்.

அண்ணை பாய்ந்தார். கயிறு என்னை வெடுக்கென்று இழுத்தது. வயிறு அடிபடச் சறுக்கிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நானும் போனேன். இருவரும் சிறுவர்களின் பலகைகளுக்கு நடுவில் போய் நின்றோம். ஒரு சின்னப் பிள்ளை கைதட்டியது.

அண்ணை பனியைத் துப்பிக்கொண்டு எழும்பினார். "என்ன தங்கச்சி, என்னோட நீயும் குழிக்குள்ள வாறாய்!"

தாதிப் பிள்ளை ஓடி வந்து முதலில் என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அன்ரி, நீங்க எல்லாத்துக்கும் ஓம் எண்டுறீங்க. ஐ ஆம் சொறி, உங்கட ஓமை என்னால நம்பேலாது. நம்பேலாட்டி ஒரே கயித்தில நாங்க போகேலாது."

காரில் வரும்போது அழுதேன். கோபமில்லை. அவள் சொன்னது சரி. உண்மையான பனியாறாக இருந்தால் அவளும் எங்களோடு வெடிப்புக்குள் போயிருப்பாள்.

இரவு அண்ணை போன் எடுத்தார். "தங்கச்சி, நம்மட ஆக்கள் எல்லாருக்கும் இது இருக்கு. நித்திரை தூங்கி விழுந்தாலும் லோட் எடுப்பியா எண்டு கேட்டா நானும் ஓம்தான். அவள்ட்டக் கதைச்சன். பனி கரையிறதுக்குள்ள இன்னொருக்காப் பாப்பமாம். அதுவும் சரிவராட்டி வேற ஆள்தான். இனிக் கயித்தில ஒருத்தரும் ஓம் சொல்லப்பிடாது. செய்த வேலையைச் சொல்லணும். வீட்டிலயும் நீ இல்லை எண்டு சொல்லிப் பழகு, மறுகா பாப்பம்."

வீட்டில் சொல்லிப் பழகுவது மலையேறுவதை விடக் கடினமாக இருந்தது. கணவரின் சகோதரியான மச்சாள் தன் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கரண்டியோடு வந்தாள். எங்களிடையே மூன்று தரம் வேண்டாம் என்றாலும் நாலாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையை நீட்ட வேண்டும். நான் கோப்பையைக் கையால் மூடி, "இல்லை மச்சாள், காணும்," என்றேன். அவள் முகம் கறுத்துப்போய்விட்டது. "என்ர சமையல் பிடிக்கேல்லையாம்," என்று அடுத்தநாள் என் கணவருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் சனிக்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். ஏலாது என்றேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவுதான். இத்தனை வருடமாகப் பயந்திருந்தது ஒரு தலையாட்டலுக்குத்தானா என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிறு, அதே மேட்டில் மறுபடி நின்றோம். அண்ணை பலகையில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் இடம் கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

"அன்ரி, ரெடியா?"

"இல்லை. அண்ணை, நில்லுங்கோ. முடிச்சைப் பாக்கேல்லை."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணை அசையாமல் இருந்தார். நான் அவசரப்படாமல் ஆறுதலாக முடிச்சைப் பார்த்தேன். கையுறையை இழுத்துவிட்டேன்.

"கோடரி கையில. முடிச்சு பாத்திட்டன். கால் ஊண்டிட்டன். இப்ப போங்கோ."

அவர் பாய்ந்தார். நான் விழுந்தேன், குத்தினேன். தோள் கழன்றுபோகும் போலிருந்தது. ஆனால் கயிறு நின்றது. மேட்டின் மறுபக்கத்திலிருந்து அண்ணையின் குரல் கேட்டது.

"தங்கச்சி, இப்பதான் நான் தொங்குறன்!"

தாதிப் பிள்ளை பனியில் எனக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு சிரித்தாள். விமானச் சீட்டுகளை அன்றே பதிந்தோம்.

கோடையில் போனோம். முதல் நாள் காலை பனியாற்றின் விளிம்பில் கயிற்றைக் கட்டினோம். முந்திய நாள் மழை. இரவு நன்றாகக் குளிரவில்லை. கோடரிக் காம்பை அழுத்தினேன், வெண்ணெய்க்குள் போவது போலக் கைப்பிடிவரை போனது. தள்ளி நின்று இன்னொரு இடத்தில் அழுத்தினேன். அங்கும் அப்படித்தான். இப்படி இளகிய பனி வெடிப்புகளின் மேல் எங்களைத் தாங்காது.

இருவரும் வெளிக்கிட அவசரப்பட்டார்கள். அண்ணை உச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேகமாப் போனாச் சமாளிக்கலாம். எத்தின வருசம் பாத்த மலை தங்கச்சி."

"இல்லை அண்ணை. இண்டைக்கு நான் வரமாட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாதிப் பிள்ளையும் குனிந்து கோடரியை அழுத்திப் பார்த்தாள்.

"ஷீ இஸ் றைற், அங்கிள்."

அண்ணை முடிச்சை அவிழ்த்தார். அன்று முழுவதும் கூடாரத்தில் இருந்து சீட்டு விளையாடினோம். அவரே எல்லா ஆட்டத்தையும் வென்றார். கோபத்தில் வென்றாரோ தெரியாது. பின்னேரம் வானம் வெளித்தது. இரவு பல் கிட்டும் குளிர்.

மறுநாள் காலை அதே விளிம்பில் கோடரி ஒரு விரலளவுக்கு மேல் இறங்கவில்லை. தாதிப் பிள்ளை கயிற்றின் முன் முனையைத் தூக்கி என்னிடம் தந்தாள்.

"அன்ரி, நீங்க முன்னுக்குப் போங்கோ."

இளையவள், ஆனால் எங்களில் அனுபவசாலி அவள்தான். கயிற்றை வாங்கிக் கட்டினேன். மூவரும் ஒவ்வொருவராக, செய்த வேலையைச் சொன்னோம். ஒருவரும் ஓம் சொல்லவில்லை. நான் முதல் அடி வைத்தபோது எனக்கு முன்னால் கயிறு இல்லை, வெறும் வெள்ளைதான். கோடரியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நான் நின்ற இடத்தில் அவர்களும் நின்றார்கள். உச்சியில் அண்ணை, கீழே தூரத்தில் நூல் போலத் தெரிந்த நெடுஞ்சாலையைக் காட்டி, "அந்தா, அதிலதான் நான் போறது," என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்த பிறகு மச்சாள் வீட்டில் சாப்பாடு. படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"நான்தான் முன்னுக்குப் போனனான்."

கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "ஓம், உண்மைதான்," என்றார். மச்சாள் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கரண்டியைத் தூக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"இல்லை மச்சாள், காணும்."

அவள் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.