இருமல் பங்களாவில் ஒரு நிச்சயம்

அந்த ஹோட்டலின் வாசலில் இரண்டு கல் யானைகள் நின்றன. இடது பக்கத்து யானைக்குத் தும்பிக்கை பாதிதான் இருந்தது. அந்த யானையை எனக்குத் தெரியும். ஜீப்பின் முன்சீட்டில் இருந்த அப்பாவைப் பார்த்தேன். அவரும் யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் தங்கைக்கு நிச்சயம் செய்வதற்காக வேலந்தாவளத்திலிருந்து புறப்பட்டு, போடி மெட்டு ஏறி, உடும்பஞ்சோலையும் தாண்டி வந்திருந்தோம். அப்பா, தங்கை, நான் மூவரும் முன்னதாக வந்துவிட்டோம். தட்டு வரிசையோடு சொந்தபந்தம் மறுநாள் பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஜனம்தான். ஏலக்காய் நட மலையேறி, கொஞ்ச வருஷத்திலேயே கொழுத்தவர்கள். "எங்க மலைக்கு வந்துட்டு ஊட்ல படுக்கறதாவது? ராசாவாட்டம் தங்கோணுமுங்க" என்று அவர்களே அறை போட்டிருந்தார்கள். அரண்மனை என்று ஏதோ புதுப் பெயர் வைத்திருந்ததால், அது எந்த இடம் என்று வாசலுக்கு வரும்வரை எங்களுக்குப் பிடிபடவில்லை.

எங்களுக்குத் தெரிந்த பெயர் இருமல் பங்களா. கீழ்நாட்டு ஜமீன்தார் ஒருவர் ஆசையாகக் கட்டிய மாளிகை. குடிவந்த கொஞ்ச நாளில் மனைவி இரத்தம் கக்கிச் செத்துப்போக, மனம் வெறுத்து அதைக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டாராம். எங்கள் அம்மா அங்கேதான் செத்தாள். அப்போது எனக்குப் பத்து வயது. தங்கை நடை பழகிய குழந்தை. விஷக்காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னோம். காசம் புகுந்த வீட்டில் எங்கள் பக்கம் பெண் எடுக்க மாட்டார்கள். குணப்படுத்தும் மருந்து வந்த பிறகும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பொய்யின் மேல்தான் என் கல்யாணம் நடந்தது. தங்கையின் கல்யாணமும் அதன் மேல்தான் நடந்தாக வேண்டும். தங்கைக்கே உண்மை தெரியாது. அப்பாவும் நானும் மட்டும் அதை வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை வீட்டார் மலைக்கு வந்தபோது ஆஸ்பத்திரியை மூடியாகிவிட்டது. எஸ்டேட் முதலாளி ஒருவர் வாங்கிச் சாரம் கட்டி வேலை செய்துகொண்டிருந்தார். பழைய கதை அவர்கள் காதில் விழுந்ததோ இல்லையோ. பணம் புழங்குகிற இடத்தில் பிணத்தைப் பற்றி யார் பேசுவார்கள்!

உள்ளே சரவிளக்கு, ஆள் உயரக் கண்ணாடிகள், வெல்வெட் திரை, கால் புதையும் கம்பளம். எங்கள் அறையின் குளியல் தொட்டியைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல எருமைக்கன்னையே முக்கிரலாம்" என்று தங்கை சிரித்தாள். அவள் மாப்பிள்ளையை ஒரே தடவைதான் பார்த்திருந்தாள். சந்தையில் ஒரு கிடாரியின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன், இவளைக் கண்டதும் மாட்டின் வாயை விட்டுவிட்டுத் தன் வாயைத் திறந்துகொண்டு நின்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கோ கட்டிலுக்கு மேலே படம் மாட்டியிருந்த இரும்புக் கொக்கிதான் கண்ணில் பட்டது. நோயாளிகளின் காய்ச்சல் அட்டை தொங்கிய கொக்கி அது.

அப்பாவைத் தனியாகப் பிடித்து, "வேற எடம் பாக்கலாமுங்களா?" என்றேன்.

"என்னன்னு சொல்லிப் பாக்கறது? ரெண்டு நாளு. பல்லக் கடிச்சுக்க" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். சாப்பாட்டு ஹாலின் சுவர் நெடுக மாடங்கள். ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு பித்தளைச் சொம்பு, அதில் ரோஜாப்பூ. "எல்லாம் பழைய கொட்டாரத்து அடுக்களைப் பாத்திரங்களாக்கும்" என்று மேனேஜர் பெருமையடித்தார். அரண்மனையாவது, மண்ணாவது! ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அவரவர் பாத்திரத்தை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். செத்துப்போனவர்களின் பாத்திரத்தை யாரும் திரும்ப எடுத்துப் போனதில்லை. அம்மா செத்த அன்று நர்ஸ் கொண்டுவந்து நீட்டியபோது, அப்பா இரண்டடி பின்னால் போய், "துணியக் கொளுத்திருங்க. ஏனம் வேண்டாமுங்க" என்று சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எங்களவர்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விடமாட்டார்கள். கல்யாணச் சீராக வந்தது என்றால் பெயரோடு ஊரையும் சேர்த்து வெட்டுவார்கள். இரவல் போன பொருள் எங்கே போனாலும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி, கலகலப்பானவள். வேடிக்கை பார்த்துக்கொண்டே போனவள் ஒரு மாடத்தின் முன்னால் நின்றாள். "ஏனுங்க சம்பந்தி, ஆளு பேரு தேஞ்சிருக்குது, இதுல உங்கூருப் பேரு வெட்டியிருக்குதுங்களே!"

விளிம்பில் ஒடுங்கியிருந்த இடத்தைப் பார்த்தே அது அம்மாவுடையது என்று தெரிந்துகொண்டேன். நான் முந்திக்கொண்டேன். "சந்தையில வித்த பழைய ஏனமா இருக்குமுங்க அத்தை. எங்கூர்ல பேர் வெட்டறவரு நெறையப் பேருக்கு வெட்டுவாருங்க."

அவள் நம்பிவிட்டாள். நம்பியதோடு விட்டிருக்கக் கூடாதா! சந்தோஷம் தாங்காமல், பூவை எடுத்துவிட்டுச் சொம்பைக் கழுவித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தன் கையாலேயே அதை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள். "உங்கூருச் சொம்புலயே தண்ணி குடிங்க சம்பந்தி."

அப்பா வாங்கினார். வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை. சொம்பு சாய்ந்து தண்ணீர் வேட்டியில் சிந்தியது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இது எம்பட ஊட்டுக்காரி சொம்புங்க" என்றார். "இங்கதான் கெடந்தா. காசத்துல செத்தா. தொடறதுக்குப் பயந்துட்டு, இத இங்கயே உட்டுட்டுப் போனனுங்க."

அம்மா உயிரோடு இருந்தபோது மேல்மாடி வராந்தாவில் அவள் நிற்க, முற்றத்தைத் தாண்டி ஒரு அடி வைக்காதவர். இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவர். திறக்கக் கூடாத இடம் பார்த்துத் திறந்தார். அந்த நிமிஷம் அவரை அடித்துக் கொல்லலாம் என்று எனக்கு வந்தது. இப்போதும் முழுசாக ஆறவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா விலகினாள். மூலையில் இருந்த பளிங்குத் தொட்டிக்குப் போய், சொம்பைக் கொடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை எழுந்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவன் அப்பா வந்து, "ரெண்டு மாசம் போகட்டுமுங்க, பாத்துச் சொல்றோம்" என்றார். அப்படிச் சொன்னால் முடிந்துபோயிற்று என்று எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். மேனேஜர் சொம்பை எங்களிடமே தள்ளிவிட்டார். மற்ற மாடங்களையும் காலி செய்துகொண்டிருந்தார்கள். போடியில் எதிர்ப்பட்ட சொந்தக்காரர்களை மாலை, தட்டுகளோடு அப்படியே திருப்பி அழைத்துக்கொண்டு வந்தோம். என் மாமியார் எனக்குத் தட்டைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

வழி நெடுக அப்பா சொம்பை மடியில் வைத்திருந்தார். தங்கை பின்சீட்டிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் வந்ததும் அதை வீட்டுக்குள் கொண்டுபோகத் துணியாமல் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

தங்கை வந்து புளி போட்டு அதைத் தேய்த்தாள். தண்ணீர் சேந்தி நிறைத்தாள். எங்கள் வீடுகளில் யாரும் சொம்பில் வாய் வைப்பதில்லை, அண்ணாந்துதான் குடிப்போம். வாய் பட்டால் எச்சில், அடுத்தவர் தொட மாட்டார்கள். அவள் விளிம்பில் வாயை வைத்து, முகம் தெரியாத அம்மாவின் சொம்பை முழுசும் குடித்து முடித்தாள். மறுபடி நிறைத்து, கழுவாமல், அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா வாங்கி அண்ணாந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அப்பிடி இல்லீங்கப்பா" என்றாள். "வாய் வெச்சுக் குடிங்க."