சைக்கிள் ஸ்டாண்டுப் பன்றிக்கறி

ஜெர்மனியில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரி கேன்டீனில் வியாழக்கிழமை என்றால் ஷ்வைனப்ராட்டன், அதாவது ஓவனில் சுட்ட பன்றிக்கறி. டாக்டரும் தரை துடைப்பவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வந்த புதிதில் நான் மட்டும் தட்டோடு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, மோனிகா என்கிற சக நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, சிகரெட்டை விடுவதற்கு நல்ல மாத்திரை இருக்கிறது என்றாள். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்றதை அவள் நம்பவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது அவ்வளவு ஜெர்மன் வராது.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தார். ஒரு திங்கட்கிழமை, ஞாயிறு சமைத்த பன்றிக்கறியை டப்பாவில் கொண்டுபோனார். சூப்பர்வைசர் கோதண்டம் சாப்பாட்டு ஹாலே கேட்கும்படி, "சரோஜா, அந்த நாத்தத்த எடுத்துக்கினு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போ. நசீமா மாதிரி ஆளுங்க சாப்புடுற எடம்" என்றார். நசீமா அக்கா பன்றிக்கறியைத் தொடமாட்டார். ஆனால் அம்மாவிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அன்று தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு வெளியே வந்தது அவர் ஒருவர்தான். அதன்பிறகு வெறும் தயிர்ச்சோறு கொண்டுபோனாலும் அம்மாவுக்கு இடம் சைக்கிள் ஸ்டாண்டுதான். பள்ளி விடுமுறையில் டப்பா கொண்டுபோன நானும் அங்கே நின்றபடியே சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

போன மாதம் கடவுள் கண் திறந்தார். என் கணவரோடு வேலை பார்க்கும் பையன் கோதண்டத்தின் மகன் என்றும், அப்பா அவனைப் பார்க்க வந்திருக்கிறார் என்றும் தெரிந்தது. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இருவரையும் அழைத்தேன்.

என்னைப் போல ஷிஃப்டு பார்ப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துக்கறியில் உப்பும் கடுகு விழுதும் தடவி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆப்பிள் துண்டுகளோடு ஒரே தட்டில் பரப்பி, க்யூம்மெல் என்கிற இந்த ஊர்ச் சீரகத்தைத் தூவி ஓவனுக்குள் தள்ளிவிட்டால், ஒன்றரை மணி நேரம் அதன் பாட்டுக்கு வேகும். அதற்குள் துணி துவைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பார்த்துவிடலாம். அன்று மட்டும் அம்மா செய்வது போல மிளகும் பூண்டும் இடித்துச் சேர்த்தேன். கை வலிக்க வலிக்க இடித்தேன். பால்கனியில், என் சைக்கிளுக்குப் பக்கத்தில், அவருக்கென்று ஒரு ஸ்டூலும் போட்டு வைத்தேன்.

வந்தவருக்கு முழங்கால் வலி. "ஆம்பூரா நீ? நம்ம ஊரு பொண்ணு!" என்றபடி நேராகப் போய் மேஜையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டூல் வீணானது. சரி என்று பரிமாறினேன்.

"இன்னாம்மா இது?"

"பன்னிக் கறி சார். ஜெர்மன் ரோஸ்ட்."

"இங்கத்திப் பன்னி சுத்தம்மா. பயப்படாம சாப்புடலாம்."

மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். தட்டை ரொட்டியால் வழித்தார். அதுவரை காத்திருந்தேன்.

"மசாலா எங்கம்மாவோடது சார். தையல் லைன் சரோஜா. சைக்கிள் ஸ்டாண்டுக்கு அனுப்புனீங்களே, அந்த நாத்தம்தான் இது."

மகன் அப்பாவைப் பார்த்தான். அவர் தட்டைப் பார்த்தார். "அதெல்லாம் கம்பெனி ரூல்ஸும்மா" என்றார்.

"தெரியும் சார். இன்னொரு துண்டு வெக்கட்டா?"

கடைசியில் வைத்த கேக்கைத் தொடாமலே கிளம்பிப் போய்விட்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. உடனே அம்மாவுக்கு போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எங்க குந்த வெச்ச அந்தாள?"

"மேஜையிலதாம்மா."

அம்மா, "உள்ளயேவா?" என்று மட்டும் கேட்டார்.

போனை வைத்துவிட்டு மிச்சக் கறியைத் தட்டில் போட்டுக்கொண்டேன். மேஜையில் எல்லா நாற்காலிகளும் காலியாகத்தான் இருந்தன. நான் பால்கனிக்குப் போய், ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு, சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டேன்.