அச்சில் விழாத வரி

மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த அவளை எல்லோரும் ‘கமா அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எதை எழுதினாலும் ஒரு கமாவையாவது திருத்தாவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டிலோ அவள் பெயர்பெற்ற பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். “நீ பயப்படாம இருந்தா எனக்குப் பயமா இருக்கும்” என்பார் பேருந்து ஓட்டும் கணவர். கணினி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அந்தப் பயமெல்லாம் செருப்போடு வெளியே நின்றுவிடும்.

அந்த மருத்துவமனைக்கென்று தனியாக ஒரு விக்கி இருந்தது. எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று செவிலியர்களும் மருந்தாளுநர்களும் சேர்ந்து எழுதி, சேர்ந்து திருத்தும் பக்கங்கள். மாதம் ஒருமுறை அவற்றை அச்சடித்து வார்டுக்கு ஒரு புத்தகம் அனுப்புவார்கள். தொல்லை அங்கேதான் தொடங்கியது. ‘இந்த விக்கிப் பக்கத்தைத் திருத்த மேலுள்ள பொத்தானை அழுத்தவும்’ என்பது திரையில் சரி. காகிதத்தில் எதை அழுத்துவது? ஒரு செவிலி புத்தகத்தின் மூலையை விரலால் அமுக்கி, “ஒண்ணும் ஆகலையே” என்று சொல்லிக் காட்ட, வார்டே சிரித்தது.

அதற்காகக் கணினிப் பிரிவு ஒரு வார்ப்புரு, அதாவது வரிகளைச் சுற்றிப் போடும் ஒரு குறியீடு, செய்து கொடுத்தது. விக்கி தன்னைப் பற்றியே பேசும் வரிகளை அதன் இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால், திரையில் தெரியும், அச்சில் விழாது. வேலை கமா அக்கா தலையில் விழுந்தது. ‘இந்தப் பக்கம்’, ‘இந்த விக்கி’ என்று தேடித் தேடி இரண்டே நாளில் முந்நூறு வரிகளை அடைத்துவிட்டாள். தலைமை மருந்தாளுநர் பாராட்டினார். புத்தகங்கள் திங்கட்கிழமை வார்டுகளுக்குப் போயின.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அலமாரியில் புதிதாக வந்த வலி ஊசி மருந்தை அடுக்கிக்கொண்டிருந்தவள், ஒரு புட்டியின் லேபிளைப் பார்த்தாள். பழையதைவிட இரண்டு மடங்கு வீரியம். எங்கோ படித்த வரி ஒன்று நினைவில் இடறியது. ஓடிப்போய்த் திரையில் அந்த மருந்தின் பக்கத்தைத் திறந்தாள். ‘இந்தப் பக்கத்திலுள்ள அளவு பழைய புட்டிக்கு மட்டுமே. புதிய புட்டிக்கு இதில் பாதிதான்.’ வரி இருந்தது. அதன் இரு பக்கமும் அவள் போட்ட அடைப்புக்குறிகளும் இருந்தன.

அச்சுப் புத்தகத்தைப் புரட்டினாள். அளவு இருந்தது. எச்சரிக்கை இல்லை.

அடைப்புக்குறிகளை இப்போதே நீக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நொடி மனம் சொன்னது. அந்த நினைப்பே அவளைத் தலைமை மருந்தாளுநரின் அறைக்கு விரட்டியது. புட்டிகள் காலையிலேயே நான்கு வார்டுகளுக்குப் போயிருந்தன.

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணினேன்.” தலைமை மருந்தாளுநர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தொலைபேசியை எடுத்துவிட்டார். மூன்று வார்டுகளில் புட்டியை இன்னும் திறக்கவில்லை. அறுவை சிகிச்சை வார்டில் மட்டும் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

அவள் மாடிப்படியில் ஏறி ஓடினாள். செவிலி சாதாரணமாகச் சொன்னாள்: “பத்தரைக்கு ஆறாம் படுக்கைக்குப் போட்டேனே அக்கா. புத்தகத்துல இருந்த அளவுதான்.”

ஆறாம் படுக்கையில், கால் முறிந்த ஒரு வேன் ஓட்டுநர். பக்கத்தில் அவர் மனைவி, பையை மடியில் வைத்தபடி. கமா அக்காவைப் பார்த்ததும் அவள் குரலைத் தாழ்த்தினாள். “மெதுவா பேசுங்க. மூணு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நல்லா தூங்கறாரு.”

செவிலி மூச்சை எண்ணினாள். வலி மருந்து மிஞ்சினால் மூச்சை அடக்கும்; பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் நிமிடத்துக்கு ஏழு. அதற்குள் மருத்துவர் வந்து அதன் வீரியத்தை முறிக்கும் ஊசி போட்டார், பிராணவாயு வைத்தார். மனைவியை வெளியே வரச் சொல்லி, நடந்ததை மறைக்காமல் விளக்கினார். கமா அக்கா சுவரோடு சுவராக நின்று அந்த மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தாள். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் அடுத்தது ஏறுமா என்று உயிர் போய் உயிர் வந்தது. ஒன்பது. பதினொன்று. மறுபடியும் எட்டு. இன்னொரு ஊசி. ஒரு மணிநேரம் கழித்துப் பதினான்கு.

அவர் கண்ணைத் திறந்து முகத்தைச் சுளித்தார். “கால் வலிக்குது.”

கமா அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தாழ்வாரத்தில் மனைவி கேட்டாள்: “அந்தப் புத்தகம் நீங்க எழுதினதா?”

“எழுதினது வேற ஒருத்தர். அதுல இருந்து ஒரு வரியை எடுத்தது நான்.”

அந்தப் பெண் உள்ளே போய் நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

புத்தகங்களையெல்லாம் அன்றே திரும்ப வாங்கினார்கள். விசாரணை நடந்தது. ஒருவர் அடைக்கும் வரியை இன்னொருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வந்தது. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

“முடியாது” என்றார் தலைமை மருந்தாளுநர். “இனிமே உங்களை மாதிரி பயந்து பயந்து படிக்க வேற ஆள் இல்லை.”

முந்நூறு வரிகளையும் முதலிலிருந்து திறந்தாள். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் அவளால் முடியவில்லை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து, இது இல்லாமல் போனால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்ட பிறகே அதை மறுபடி அடைக்க விரல் விசைக்குப் போனது. சில நாட்களில் அப்போதும் போகவில்லை.