கழிப்பறைக்குப் போன கல்யாண மணை

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் எல்லோரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான். ஆகவே அவரது விருந்தோம்பலைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மலச்சிக்கலைப் பற்றி எழுதப் போகிறேன். நினைவு மலரில் இதுவா என்று கேட்பவர்கள், அக்காவின் பிரசவத்தின்போது எங்கள் வீட்டுக்கு வராதவர்களாக இருப்பார்கள்.

நெரவிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருமலைராயன்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டவர் அம்மா. அக்காவையும் என்னையும் பெற்றபோது பத்தியம் என்று தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுத்தார்களாம்; கீரை, பழம் எதுவும் கிடையாது. அப்போது பிடித்த மூலம் கடைசிவரை அவரை விடவில்லை. அதை எங்கள் அப்பாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். குழந்தையோடு வீடு திரும்பியதும், தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் கழிப்பறைக்குப் போகவே மறுத்தாள். வயிறு கல்லாக இறுகியது. சாப்பாட்டைத் தள்ளினாள். பால் கொடுக்க உட்கார முடியாமல் அழுதாள். நான் போனில் தேடித் தேடிப் படித்துச் சொன்னேன். அவள் போனைப் பிடுங்கித் தலையணைக்கடியில் போட்டாள்.

அம்மா ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டு வந்தார். நிறையத் தண்ணீர், கீரை, பழம், கொஞ்சம் நடை, டாக்டர் எழுதிய மருந்து. வந்தால் அடக்கக் கூடாது, முக்கக் கூடாது. உட்காரும்போது கால் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்லி முடிக்கும்போதே, பரணிலிருந்து அக்காவின் கல்யாண மணைகள் இரண்டையும் இறக்கிவிட்டார்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வழியை மறித்தார். அம்மா அவரை எதிர்த்துப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"பச்ச ஒடம்புக்காரிக்குச் செம்பு செம்பா தண்ணியக் குடுக்குற. இப்ப தாலி கட்டுன மணையக் கொண்டுபோயி கக்கூஸ்ல போடுறியே, நல்லாருக்கா?"

"அதுல உக்காந்த புள்ளையே தவிக்குது அண்ணி. மணைக்கு என்ன, கழுவிக்கலாம். கொஞ்சம் தள்ளுங்க."

அத்தை தள்ளி நின்றார். மணைகளை அடுக்கி அக்காவின் காலடியில் வைத்துவிட்டு, மூடிய கதவுக்கு வெளியே அம்மா தரையில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்கும்மா."

"தையலு பிரியாதுடி, நர்ஸம்மா சொல்லிட்டாங்க. சுத்தமான துணிய மடிச்சு லேசா தாங்கிப் புடிச்சுக்க. வரலன்னா எந்திரிச்சு வா. இது என்ன காரைக்கால் பஸ்ஸா, விட்டா போயிடுறதுக்கு?"

உள்ளே அக்கா சிரித்தது கேட்டது. அன்று வரவில்லை. மறுநாள் காலை, வெந்நீர் குடித்த பிறகு வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அங்கே அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கடைசி நோயில் வலி மாத்திரைகள் அம்மாவின் வயிற்றைக் கட்டின. அதே மணைகளின் மேல் அவர் கால்களைத் தூக்கி வைத்துவிட்டு, நானும் அக்காவும் கதவருகே மாறி மாறி உட்கார்ந்தோம்.

"போயி வேலயப் பாருங்கடி" என்பார். எழுந்தால், "எங்க போற?" என்பார்.

வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

வரும் தையில் எனக்குப் பிரசவம். திவசத்துக்காக வீட்டைக் கழுவியபோது, மணைகளைப் பரணில் ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். அத்தை அவற்றைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் கழிப்பறையிலேயே வைத்தார்.

"கெடக்கட்டும். நீ புள்ளயப் பெத்துக்கிட்டு வா. வெளியில நான் உக்காந்துக்குறேன்."